மே மாதத்திலேயே தொடங்கும் மார்ச்

அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்தை வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு அது மார்ச் மாத விளையாட்டு. 68 அணிகள், மூன்று வாரம், ஒரு முறை தோற்றால் ஊருக்குத் திரும்ப வேண்டிய தேசியப் போட்டி. அந்த 68க்குள் ஓர் அணி எப்படி நுழைகிறது என்பதில்தான் என் பிழைப்பு ஓடுகிறது. நாட்டின் நடுமேற்குப் பகுதியில், டிவியில் அதிகம் அடிபடாத ஒரு பல்கலைக்கழகத்தின் ஆண்கள் அணிக்கு ஆட்ட அட்டவணை போடுவதும் புள்ளிவிவரம் பார்ப்பதும் என் வேலை. புள்ளியியல் முதுகலை படிக்க வந்தேன். படிக்கும்போது அணிக்கு வீடியோ வெட்டிக் கொடுக்கும் மாணவ உதவியாளனாகச் சேர்ந்தேன். படிப்பு முடிந்த பிறகும் அங்கேயே தங்கிவிட்டேன்.

சிறுவயதில் பள்ளியின் சிமெண்ட் தளத்தில் ஆடிய விளையாட்டு இது. தமிழ்நாட்டுப் பிள்ளைகளுக்குக் கூடைப்பந்து அந்நியமானது அல்ல. ஜேம்ஸ் நெய்ஸ்மித் 1891இல் மாசசூசெட்ஸ் மாநிலம் ஸ்ப்ரிங்ஃபீல்டில் இருந்த ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிப் பள்ளியில் இந்த ஆட்டத்தை உருவாக்கினார். அதே ஸ்ப்ரிங்ஃபீல்டில் படித்த ஹாரி குரோ பக், 1920இல் சென்னையில் உடற்கல்விப் பயிற்சி நிலையத்தைத் தொடங்கினார். அதுதான் இன்றைய நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரி. ஆகவே நான் அமெரிக்கா போய்க் கற்றது கூடைப்பந்தை அல்ல. அதைச் சுற்றி அவர்கள் கட்டி வைத்திருக்கும் கணக்கை.

முதலில் அந்தக் கணக்கின் எலும்புக்கூட்டைச் சொல்லிவிடுகிறேன். முதல் பிரிவில் 360க்கும் மேற்பட்ட கல்லூரி அணிகள் இருக்கின்றன. அவை கான்ஃபரன்ஸ் எனப்படும் கூட்டமைப்புகளாகப் பிரிந்து தங்களுக்குள் ஆடுகின்றன. 2025 போட்டிக் கணக்குப்படி 31 கான்ஃபரன்ஸ்கள். ஒவ்வொன்றுக்கும் ஓர் இடம் உறுதி. பெரும்பாலும் மார்ச் முதல் இரண்டு வாரங்களில் நடக்கும் கான்ஃபரன்ஸ் கோப்பையை எவர் வெல்கிறாரோ அவருக்கு அந்த இடம். மீதி 37 இடங்களை ஒரு தேர்வுக் குழு நிரப்புகிறது. இரண்டே வாசல்கள். ஒன்றில் ஜெயித்து நுழைய வேண்டும், மற்றதில் அழைக்கப்பட்டு நுழைய வேண்டும்.

எப்போதும் இப்படி இருந்ததில்லை. 1939இல் முதல் போட்டி நடந்தபோது எட்டே அணிகள். ஓரிகன் கோப்பையை வென்றது. வெகுகாலம் ஒரு கான்ஃபரன்ஸுக்கு ஓர் அணி என்பதுதான் விதி. அதன் கொடுமையைக் காட்டிய ஆட்டம் 1974இல் நடந்தது. அட்லான்டிக் கோஸ்ட் கான்ஃபரன்ஸின் இறுதியில் நார்த் கரோலினா ஸ்டேட், கூடுதல் நேரத்தில் 103-100 என்று மேரிலாண்டை வீழ்த்தியது. நாட்டின் தலைசிறந்த அணிகளில் ஒன்று மேரிலாண்ட். ஆனால் அதற்குத் தேசியப் போட்டியில் இடமில்லை. வென்ற நார்த் கரோலினா ஸ்டேட் அந்த ஆண்டு தேசியக் கோப்பையையே கொண்டுபோனது. அடுத்த ஆண்டு அணிகளின் எண்ணிக்கை 32 ஆனது. ஒரு கான்ஃபரன்ஸிலிருந்து ஒன்றுக்கு மேற்பட்ட அணிகள் வரலாம் என்று வாசல் திறந்தது. 1985இல் 64, 2001இல் 65, 2011இல் 68.

1975இல் திறந்த அந்த இரண்டாம் வாசல், இரண்டாமிடம் பெற்ற நல்ல அணிகளுக்கு நியாயம் செய்யத் திறந்தது. இன்று அது பெரும்பாலும் பெரிய கான்ஃபரன்ஸ்களின் வாசல். 2025இல் சவுத்ஈஸ்டர்ன் கான்ஃபரன்ஸின் 16 அணிகளில் 14 அணிகள் உள்ளே போயின. அதுவரை இருந்த உச்சம், 2011இல் பிக் ஈஸ்ட் பெற்ற 11. எங்களைப் போன்ற கான்ஃபரன்ஸ்களில் பெரும்பாலான ஆண்டுகளில் ஒரே ஓர் அணிதான் போகிறது. அது ஏன் என்பதை மார்ச் மாதத்து ஆட்டங்களைப் பார்த்துப் புரிந்துகொள்ள முடியாது. மே மாதத்தில் என் மேசைக்கு வந்தால் தெரியும்.

ஒரு பருவத்தில் ஏறத்தாழ 30 ஆட்டங்கள். அவற்றில் 16 முதல் 20 வரை கான்ஃபரன்ஸுக்குள் ஆடுபவை; அவற்றை கான்ஃபரன்ஸ் அலுவலகமே போட்டுத் தந்துவிடும். மீதி உள்ள பத்துப் பன்னிரண்டு ஆட்டங்களை நாங்களே பேசி முடிக்க வேண்டும். ஏப்ரலில் இறுதி ஆட்டம் முடிந்ததும் தொலைபேசி வேலை தொடங்கும். மே, ஜூன், ஜூலை, சில ஆண்டுகளில் ஆகஸ்டு வரை போகும். எதிர்முனையில் இருப்பவரும் என்னைப் போலவே ஒருவர். அவர் முன்னாலும் அதே கணக்குத் தாள் விரிந்திருக்கும்.

பெரிய பல்கலைக்கழகத்திலிருந்து வரும் அழைப்புகள் பெரும்பாலும் ஒரே வகை. "எங்கள் அரங்கத்துக்கு வந்து ஆடுங்கள், பணம் தருகிறோம்" என்பார்கள். ஓர் இரவு ஆட்டத்துக்கு எண்பதாயிரம், தொண்ணூறாயிரம், சில சமயம் ஒரு லட்சம் டாலருக்கு மேலும் கொடுப்பார்கள். திருப்பி அவர்கள் எங்கள் ஊருக்கு வருவது ஒப்பந்தத்தில் இருக்காது. சிறிய பல்கலைக்கழகத்தின் விளையாட்டுத் துறைக்கு அந்தப் பணம் உயிர்நாடி. அதில்தான் மற்ற அணிகளின் பயணச் செலவும் நடக்கிறது. ஆகவே வருடத்துக்கு இரண்டு மூன்று ஆட்டங்களாவது அப்படி விற்கிறோம். விற்கிறோம் என்ற சொல்லைத் தெரிந்தேதான் எழுதுகிறேன். பதினேழாயிரம் பேர் எதிராகக் கத்தும் அரங்கில், எங்கள் பையன்களைவிட ஒரு சாண் உயரமான அணியோடு ஆடுவதற்குப் போகிறோம். பெரும்பாலும் தோற்றுத்தான் திரும்புகிறோம்.

எங்கள் அணி பலவீனமாக இருக்கும் ஆண்டில் இந்த அழைப்புகள் குவியும். நல்ல வீரர்கள் நான்கைந்து பேர் சேர்ந்து அனுபவம் முற்றி நிற்கும் ஆண்டில் தொலைபேசி ஒலிக்காது. பணம் வேண்டாம், வந்து ஆடுகிறோம் என்றாலும் மறுப்பார்கள். காரணம் எளிது. எங்களை ஜெயித்தால் அவர்களுக்குப் பெரிய லாபமில்லை. தோற்றால் மார்ச் மாதத்தில் அது உறுத்தும். எங்கள் மிகச் சிறந்த அணி இருந்த கோடையில் ஒரு பெரிய பல்கலைக்கழகம், ஏற்கெனவே கையெழுத்தான ஒப்பந்தத்தில் எங்கள் ஊருக்கு வர வேண்டிய ஆட்டத்தை, தண்டத் தொகையைக் கட்டிவிட்டு ரத்து செய்தது. காசோலை வந்தது, ஆட்டம் வரவில்லை. அந்த ஒரு ஆட்டத்தின் இன்மை எங்களுக்கு எவ்வளவு நஷ்டம் என்பதைச் சொல்ல, குவாட் கணக்கைச் சொல்ல வேண்டும். அதற்கு முன் அது நிற்கும் தரவரிசையை.

1981 முதல் தேர்வுக் குழு ஆர்.பி.ஐ. என்ற கணக்கைப் பயன்படுத்தியது. உன் வெற்றி விகிதத்துக்கு 25 சதவீதம், உன் எதிராளிகளின் வெற்றி விகிதத்துக்கு 50 சதவீதம், எதிராளிகளின் எதிராளிகளுக்கு 25 சதவீதம். கவனியுங்கள்: நீ எப்படி ஆடினாய் என்பதைவிட நீ யாரோடு ஆடினாய் என்பதற்கு அதில் எடை அதிகம். பின்னாளில், சொந்த அரங்க வெற்றியை 0.6 ஆகவும் வெளியூர் வெற்றியை 1.4 ஆகவும் எண்ணும் திருத்தம் வந்தது. 2018-19 பருவத்தில் ஆர்.பி.ஐ.யைக் கைவிட்டு நெட் என்ற புதிய தரவரிசைக்கு மாறினார்கள். அது யாரை எங்கே வென்றாய் என்பதோடு, ஆட்டத் திறனையும் எடுத்துக்கொள்கிறது. அதாவது பந்து கைக்கு வந்த ஒவ்வொரு வாய்ப்புக்கும் எத்தனை புள்ளி எடுத்தாய், எத்தனை கொடுத்தாய், எதிராளியின் பலம் என்ன என்பது. ஆர்.பி.ஐ.யைவிட நெட் நேர்மையானது என்பது என் கருத்து. எங்களைப் போன்ற அணி நன்றாக ஆடினால் அது எண்ணில் தெரிகிறது. முன்பு அதுகூடத் தெரியாது.

ஆனால் நெட் வரிசையை வைத்து மட்டும் அழைப்பதில்லை. அந்த வரிசையைக்கொண்டு உன் எதிராளிகளை நான்கு குவாட்களாகப் பிரிக்கிறார்கள். முதல் குவாட் என்பது சொந்த அரங்கில் முதல் 30 இடத்து அணிகளோடு, பொது அரங்கில் முதல் 50 இடத்து அணிகளோடு, எதிராளியின் அரங்கில் முதல் 75 இடத்து அணிகளோடு ஆடிய ஆட்டங்கள். இரண்டாம் குவாட் சொந்த அரங்கில் 75 வரை, பொது அரங்கில் 100 வரை, வெளியூரில் 135 வரை. மூன்றாவது முறையே 160, 200, 240 வரை. அதற்கும் கீழே நான்காவது. 60ஆம் இடத்து அணியை அவர்கள் ஊரில் வென்றால் முதல் குவாட் வெற்றி. அதே அணியை எங்கள் ஊரில் வென்றால் இரண்டாம் குவாட்.

பெரிய கான்ஃபரன்ஸில் இருக்கும் அணிக்கு ஜனவரி பிறந்துவிட்டால் ஒவ்வொரு வாரமும் முதல் இரண்டு குவாட் ஆட்டங்கள் தானாக வந்து விழும். பாதியில் தோற்றாலும் குறையில்லை. தோற்ற இடமும் நல்ல இடம். 2025இல் டெக்சாஸ் பல்கலைக்கழகம் தன் கான்ஃபரன்ஸ் ஆட்டங்களில் 6 வென்று 12 தோற்றது. மொத்தத்தில் 19 வெற்றி, 15 தோல்வி. அது அழைக்கப்பட்டது. நாங்கள் ஜனவரியில் 180ஆம் இடத்து அணியின் ஊருக்குப் பஸ்ஸில் ஐந்து மணி நேரம் பனியில் போய் ஆடுவோம். ஜெயித்தால் மூன்றாம் குவாட் வெற்றி, தேர்வுக் குழு பார்க்கும் தாளில் அது யார் கண்ணுக்கும் படாது. தோற்றால் மூன்றாம் குவாட் தோல்வி, முதலில் கண் படுவதே அதில்தான். இப்படி இரண்டு மாதம் தடுக்காமல் நடக்க வேண்டும். அதனால்தான் நவம்பர், டிசம்பரில் நாங்கள் பேசி வாங்கும் ஆட்டங்கள் அவ்வளவு முக்கியம். முதல் குவாட் ஆட்டம் ஒன்றுகூட இல்லாமல் பருவம் முடிந்தால், குழுவிடம் காட்ட எங்களிடம் எதுவும் இருக்காது. ரத்தான அந்த ஆட்டம் அப்படிப்பட்டது.

நவம்பரில் நான்கைந்து அணிகளைக் கூட்டி நடத்தும் சிறு போட்டிகளுக்கு இடம் பிடிப்பதும் இந்த வேலையில் சேர்த்தி. பெரிய பெயர்கள் ஹவாய்க்கும் பஹாமாஸுக்கும் போகின்றன. எங்களுக்கு ஃப்ளோரிடாவில் ஏதாவது ஒரு பாதி காலியான அரங்கம் கிடைக்கும். அங்கே கிடைக்கும் ஆட்டங்கள் பொது அரங்க ஆட்டங்கள் என்பதால் அவற்றுக்காகவே போவோம். யார் யாரை முதல் நாள் சந்திப்பது என்பதை நடத்துபவர்கள் முடிவு செய்யுமுன் பேசிவிட வேண்டும். இரண்டு நல்ல அணிகளைச் சந்திக்கும் பக்கத்தில் விழுவதா, ஒன்றைச் சந்திக்கும் பக்கத்தில் விழுவதா என்பது பிப்ரவரியில் பெரிய வித்தியாசமாகத் தெரியும்.

வேலையின் இன்னொரு பகுதி, வரப்போகும் ஆண்டில் எந்த அணி எவ்வளவு பலமாக இருக்கும் என்று மே மாதத்திலேயே கணிப்பது. 130ஆம் இடத்துக்கு அருகில் முடிக்கப்போகும் அணியின் ஊருக்குப் போனால் இரண்டாம் குவாட். அது 140க்குச் சரிந்தால் மூன்றாம் குவாட். முன்பெல்லாம் ஓர் அணியின் முக்கியமான வீரர்கள் யார் யார் தொடர்வார்கள் என்று பார்த்தால் ஓரளவு சொல்லிவிடலாம். இப்போது, கல்லூரி மாற விரும்பும் வீரர்கள் பதிவு செய்யும் டிரான்ஸ்ஃபர் போர்ட்டல் வழியாக ஒவ்வொரு வசந்தத்திலும் அணிகளே மாறிவிடுகின்றன. எங்கள் கான்ஃபரன்ஸில் சிறந்த ஆட்டக்காரனாகத் தேர்வாகிறவன் அடுத்த நவம்பரில் பெரிய அணியின் சட்டையில் நிற்பான். அவன்மீது எனக்குக் கோபமில்லை. இருபத்தோரு வயதில் பெரிய அணி தரும் பணத்தை வேண்டாமென்று யாரிடமும் சொல்ல நான் ஆளில்லை. ஆனால் மூன்று வருடம் சேர்ந்து ஆடி முற்றிய அணி என்பதுதான் சிறிய கல்லூரிகளின் ஒரே மூலதனமாக இருந்தது. அது கரைகிறது.

கோயம்புத்தூரிலிருந்து வந்த ஒரு மாணவர் என்னோடு சில பருவங்கள் வேலை பார்த்தார். ஒரு டிசம்பர் காலை நெட் பட்டியல் புதுப்பிக்கப்பட்டதும் ஓடி வந்தார்.

"அண்ணா, நேத்து நாம ஆடவே இல்ல. ஆனா ஒன்பது இடம் ஏறியிருக்கோமே?"

"நவம்பர்ல நாம ஜெயிச்ச அந்த டீம் நேத்து ராத்திரி வெளியூர்ல ஜெயிச்சிருக்கு, பாத்தியா?"

"அப்போ அவங்க ஜெயிக்கணும்னு நாம வேண்டிக்கணுமா அண்ணா?"

"மார்ச் வரைக்கும். நாம மறுபடி அவங்களோட ஆடறதா இருந்தா மட்டும் வேண்டாம்."

அதன் பிறகு அவர் ஒவ்வொரு இரவும் முந்நூறு அணிகளின் முடிவுகளைப் பார்க்கத் தொடங்கினார். இந்தத் தொழில் பிடித்துக்கொண்டால் அப்படித்தான் பிடிக்கும். நாங்கள் பார்க்கும் பல எண்களின் மூலம் கென் பாமராய் என்ற மனிதர். அமெரிக்கத் தேசிய வானிலைத் துறையில் வேலை பார்த்த அவர், ஓய்வு நேரத்தில் நூறு வாய்ப்புகளுக்கு எத்தனை புள்ளி என்ற அளவில் எல்லா அணிகளையும் தரம் பிரித்தார். இன்று அவருடைய தரவரிசை தேர்வுக் குழுவின் தாளிலேயே அச்சாகிறது. ஒரு தனி மனிதரின் உழைப்பு இந்த விளையாட்டின் மொழியை மாற்றியதை நினைக்கும்போது எனக்குப் பெருமையாக இருக்கும்.

2024-25 பருவத்தில் அந்தத் தாளில் இன்னோர் எண்ணையும் சேர்த்தார்கள். உன் அட்டவணையை, இடம் கிடைக்குமா கிடைக்காதா என்று விளிம்பில் நிற்கும் ஒரு சராசரி அணி ஆடியிருந்தால் எத்தனை வென்றிருக்கும்? நீ அதைவிட எத்தனை அதிகம் வென்றாய்? இந்தக் கேள்வி சரியான கேள்வி. எங்களிடம் இல்லாத ஆட்டங்களைப் பற்றிக் கேட்காமல், ஆடிய ஆட்டங்களில் என்ன செய்தோம் என்று கேட்கிறது. சிறிய அணிகளுக்காக வந்த மாற்றங்களில் இதைத்தான் நான் அதிகம் மதிக்கிறேன்.

பிப்ரவரி முடிந்தால் கான்ஃபரன்ஸ் கோப்பை. இரண்டு மாதம் ஆடிச் சேர்த்ததெல்லாம் மூன்று நான்கு இரவுகளில் பணயம் வைக்கப்படும். சில கான்ஃபரன்ஸ்கள் எல்லா அணிகளையும் ஒரே நகரத்துக்கு அழைக்கின்றன. சில, தரவரிசையில் மேலே இருக்கும் அணியின் அரங்கிலேயே ஆட்டத்தை வைக்கின்றன. முதலிடம் பிடித்த அணிக்கு நேராக அரையிறுதி என்று சலுகை தருபவையும் உண்டு. ஒரே இடம்தான் உண்டென்றால், மிகச் சிறந்த அணியை அனுப்புவதுதானே புத்திசாலித்தனம் என்ற எண்ணம் அதன் பின்னால் இருக்கிறது. பணமும் இருக்கிறது. தேசியப் போட்டியில் ஓர் ஆட்டம் ஆடினால் கான்ஃபரன்ஸுக்கு ஒரு யூனிட். அது ஆறு ஆண்டுகளில் சுமார் இருபது லட்சம் டாலராகப் பிரித்து வரும். முதல் சுற்றில் ஒரு வெற்றி கிடைத்தால் இன்னொரு யூனிட். பெண்கள் போட்டிக்கும் இதே முறையில் பங்கு கொடுக்க 2025இல்தான் மனம் வந்தது.

வலிய அணியைக் காக்க இவ்வளவு செய்தாலும் அந்த இரவுகள் யாருக்கும் கட்டுப்படாதவை. 2018இல் அமெரிக்கா ஈஸ்ட் கான்ஃபரன்ஸின் இறுதி, முதலிடத்தில் இருந்த வெர்மான்ட்டின் சொந்த அரங்கில் நடந்தது. மேரிலாண்ட் பால்டிமோர் கவுண்டி பல்கலைக்கழகத்தின் ஜைரஸ் லைல்ஸ், ஆட்டம் முடியும் தறுவாயில் எறிந்த மூன்று புள்ளிப் பந்து உள்ளே விழுந்தது. 65-62. அந்தப் பந்து வளையத்தில் பட்டு வெளியே போயிருந்தால் அந்த அணிக்குத் தேசியப் போட்டியே இல்லாமல் போயிருக்கலாம். அடுத்த வாரம் அவர்கள் நாட்டின் முதல்நிலை அணியான வர்ஜீனியாவை 74-54 என்று தோற்கடித்தார்கள். ஆண்கள் போட்டியில், சீடு எனப்படும் தரநிலையில் 16ஆம் இடத்து அணி முதல் இடத்து அணியை வென்றது அதுவே முதல்முறை.

இரண்டாம் முறை நடந்தது 2023இல், இன்னும் விசித்திரமான வழியில். நார்த்ஈஸ்ட் கான்ஃபரன்ஸ் கோப்பையை மெரிமாக் கல்லூரி வென்றது. ஃபேர்லி டிக்கின்சன் ஒரே புள்ளியில் தோற்றது. ஆனால் மெரிமாக் இரண்டாம் பிரிவிலிருந்து முதல் பிரிவுக்கு மாறி வந்த அணி. அப்படி வருபவர்கள் நான்கு ஆண்டு காத்திருக்க வேண்டும் என்பது அன்றைய விதி. கோப்பை மெரிமாக்குக்கு, தேசியப் போட்டி இடம் ஃபேர்லி டிக்கின்சனுக்கு. அந்த அணி டேட்டன் நகரில் ஒரு தகுதி ஆட்டம் ஆடி, பிறகு முதல் சீடான பர்டியூவை 63-58 என்று வீழ்த்தியது. முந்தைய ஆண்டு பெல்லார்மின் பல்கலைக்கழகத்துக்கும் இதே கதி. கோப்பையோடு வீட்டில் இருந்தார்கள். அந்த விதியை நான் ஏற்றதே இல்லை. வென்ற பையன்கள் நான்கு ஆண்டுக்குள் படிப்பு முடித்துப் போய்விடுவார்கள், தண்டனை அவர்களுக்குத்தான். அதே காத்திருப்பைத் தாண்டிய சான் டியேகோ கலிஃபோர்னியா பல்கலைக்கழகம், தகுதி கிடைத்த முதல் ஆண்டான 2025இலேயே பிக் வெஸ்ட் கோப்பையை வென்று உள்ளே போனது.

படிப்பிலும் தகுதி உண்டு. மாணவ வீரர்கள் தேர்ச்சி பெறுகிறார்களா, படிப்பை விடாமல் இருக்கிறார்களா என்று அளக்கும் மதிப்பெண் குறைந்தால் போட்டிக்குத் தடை. 2013இல் கனெக்டிகட் பல்கலைக்கழகமே இப்படித் தடைபட்டது. தடை நீங்கிய 2014இல் கோப்பையை வென்றது. கான்ஃபரன்ஸ் கோப்பை நடக்கும் ஹோட்டல்களில் இரவு பத்து மணிக்கு விருந்து அறையில் தேர்வு எழுதும் பையன்களுக்குக் காவல் உட்கார்ந்திருப்பது என் வேலையின் அதிகம் வெளியே தெரியாத பகுதி. நாளைய ஆட்டத்தின் வீடியோ மடிக்கணினியில் ஓடும், எதிரே ஒருவன் பொருளாதாரத் தேர்வோடு மல்லாடுவான்.

வழக்கமான பருவத்தில் முதலிடம் பிடித்துவிட்டு அரையிறுதியில் தோற்ற வலியும் எங்களுக்கு உண்டு. அன்றிலிருந்து, அழைக்கப்பட்ட அணிகள் அறிவிக்கப்படும் தேர்வு ஞாயிறு வரை உள்ள நாட்கள் நீளமானவை. மற்ற கான்ஃபரன்ஸ்களின் இறுதி ஆட்டங்களைப் பார்த்துக்கொண்டே இருப்போம். எப்படியும் அழைக்கப்படப்போகிற பெரிய அணி தன் கான்ஃபரன்ஸ் இறுதியில் தோற்றால், வென்ற அணி எதிர்பாராமல் ஓர் இடத்தை எடுத்துக்கொள்ளும்; விளிம்பில் இருப்பவர்களுக்கு ஓர் இடம் குறையும். 2024இல் அது ஒரே வாரத்தில் பல முறை நடந்தது. 14 தோல்விகளோடு வந்த நார்த் கரோலினா ஸ்டேட், ஐந்து நாளில் ஐந்து ஆட்டம் வென்று தன் கான்ஃபரன்ஸ் கோப்பையைத் தூக்கியது. பிறகு தேசிய அரையிறுதி வரை போனது.

அந்த வாரத்தில் நசுங்கியது இண்டியானா ஸ்டேட். 28 வெற்றி, 6 தோல்வி. மிசௌரி வேலி கான்ஃபரன்ஸில் முதலிடம். நெட் வரிசையில் முதல் 30க்குள். கான்ஃபரன்ஸ் இறுதியில் டிரேக்கிடம் 84-80 என்று தோற்றது. அழைப்பு வரவில்லை. நான் அந்த அணியின் ஆட்டங்களை வீடியோவில் திரும்பத் திரும்பப் பார்த்தவன். அவ்வளவு அழகாகப் பந்தைப் பகிர்ந்து ஆடிய அணி அந்த ஆண்டு அதிகமில்லை. இரண்டாம் நிலைப் போட்டியான என்.ஐ.டி.யில் இறுதி வரை போய் இரண்டே புள்ளியில் தோற்றார்கள். கோச் செயின்ட் லூயிஸ் பல்கலைக்கழகத்துக்கு மாறினார்; நட்சத்திர வீரர் அவர் பின்னாலேயே போனார். ஓர் ஊர் ஒரு தலைமுறை காத்திருந்து பெற்ற அணி சில வாரங்களில் கலைந்தது.

தேர்வுக் குழுவைத் திட்டுபவர்கள் நிறைய. நான் அவர்களில் ஒருவன் அல்ல. பன்னிரண்டு பேர், விளையாட்டுத் துறைத் தலைவர்களும் கான்ஃபரன்ஸ் ஆணையர்களும், இண்டியானாபொலிஸில் நாள்கணக்கில் உட்காருகிறார்கள். தங்கள் பல்கலைக்கழகத்தைப் பற்றிப் பேச்சு வந்தால் எழுந்து வெளியே போய்விட வேண்டும். வாக்கெடுப்பு மேல் வாக்கெடுப்பாக அழைப்புகளை முடிவு செய்து, பிறகு 68 பேரையும் ஒன்று முதல் வரிசைப்படுத்தி, யார் எந்த ஊரில் ஆடுவது என்று கட்டம் போடுகிறார்கள். ஞாயிறு மாலை சி.பி.எஸ். தொலைக்காட்சியில் பெயர்கள் வரும்போது அவர்கள் வேலை முடிந்திருக்கும். அவர்கள் கையில் உள்ள தாளை நேர்மையாகப் படிக்கிறார்கள் என்றே நம்புகிறேன். கோளாறு அந்தத் தாள் உருவாகும் விதத்தில் இருக்கிறது. நவம்பரில் எங்களோடு ஆட மறுத்தவர்கள், அந்த மறுப்பாலேயே மார்ச்சில் எங்களை முந்துகிறார்கள்.

68க்குள் வந்துவிட்டால் எல்லோரும் ஒன்றல்ல. ஒஹையோவின் டேட்டன் நகரில் செவ்வாயும் புதனும் நான்கு தகுதி ஆட்டங்கள். அழைக்கப்பட்டவர்களில் கடைசி நான்கு அணிகள் தங்களுக்குள் மோதும். கான்ஃபரன்ஸ் கோப்பை வென்று வந்தவர்களில் கடைசி நான்கு அணிகளும் அப்படியே. வர்ஜீனியா காமன்வெல்த் 2011இல் அங்கிருந்து கிளம்பி தேசிய அரையிறுதி வரை போனது. அது அழைப்பால் வந்த அணி. ஆனால் கோப்பை வென்ற ஒரு சாம்பியனை மறுபடியும் தகுதி ஆட்டம் ஆடச் சொல்வது எனக்கு உவப்பானதல்ல. அவன் தகுதியைக் களத்தில் ஏற்கெனவே நிரூபித்துவிட்டான்.

நாங்கள் ஒரு முறை கான்ஃபரன்ஸ் கோப்பையை வென்று போயிருக்கிறோம். வலையைக் கத்தரித்துத் துண்டு துண்டாகப் பங்கிட்டுக்கொள்வது இங்கே வழக்கம். முதல் சுற்றிலேயே பெரிய அணியிடம் தோற்றோம். இருந்தும் எங்கள் ஊரில் இன்றும் அந்தப் பையன்களுக்குக் கடைகளில் காபிக்குக் காசு வாங்குவதில்லை. உள்ளே போவது என்பதே அவ்வளவு பெரிது. 2020இல் ஹாஃப்ஸ்ட்ரா பல்கலைக்கழகம் மார்ச் 10 அன்று தன் கான்ஃபரன்ஸ் கோப்பையை வென்றது. 2001க்குப் பிறகு அவர்களுக்குக் கிடைத்த முதல் தகுதி. இரண்டே நாளில், மார்ச் 12 அன்று, கொரோனாவால் தேசியப் போட்டி முழுவதும் ரத்தானது. அந்த வீரர்களை நினைக்காமல் எனக்கு ஒரு மார்ச்சும் போவதில்லை.

போட்டியை 72 அல்லது 76 அணிகளாகப் பெருக்கலாம் என்ற பேச்சு 2025இல் பலமாக எழுந்தது. 2026க்கு 68தான் என்று அந்த ஆகஸ்டில் அறிவித்தார்கள். எண்ணிக்கை என்றைக்குக் கூடினாலும் அதைப் பற்றி என் நிலைப்பாடு ஒன்றுதான். கூடுதல் இடங்கள், பெரிய கான்ஃபரன்ஸில் பன்னிரண்டாம் இடம் பிடித்தவர்களுக்குப் போகக்கூடாது. இரண்டு மாதம் தன் கான்ஃபரன்ஸில் முதலிடத்தில் நின்று, ஒரே ஓர் இரவில் கோப்பையை இழந்த சாம்பியன்களுக்குப் போக வேண்டும். அப்படிப்பட்ட சாம்பியன்களுக்கு என்.ஐ.டி.யாவது உறுதியான இடம் வைத்திருந்தது. 2024 போட்டியில் அதையும் எடுத்துவிட்டார்கள். பெரிய பல்கலைக்கழகங்கள் ஆண்டுக்கு ஓர் ஆட்டமாவது சிறிய கல்லூரியின் அரங்கத்துக்குப் போய் ஆட வேண்டும் என்று விதி வர வேண்டும். இந்த இரண்டையும் செய்தால் தேர்வுக் குழுவின் கையில் உள்ள தாள் இன்னும் நேர்மையாகும்.

அமெரிக்காவுக்குப் படிக்க வரும் தமிழ் மாணவர்களுக்கு ஒரு வார்த்தை. உங்கள் பல்கலைக்கழகத்தின் விளையாட்டுத் துறைக்கும் புள்ளியியல், கணினி தெரிந்த கைகள் தேவை. கதவைத் தட்டிக் கேளுங்கள். பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள். அணி இறுதி ஆட்டம் ஆடும்வரை காத்திருக்காமல் ஜனவரியில் ஒரு வார நாள் இரவு அரங்குக்குப் போங்கள். டிக்கெட் எளிதாகக் கிடைக்கும், முன்வரிசையிலேயே உட்காரலாம்.